மண்ணைத் தின்னும் கடல் அட்டையும் அதன் குடலில் குடியிருப்பவர்களும்

பாக் நீரிணைக் கரையில் கடல் வற்றி, முழங்கால் அளவுத் தண்ணீர் மட்டும் நிற்கும் நேரத்தில் கடற்புல் தரையைக் குனிந்து பாருங்கள். முறுக்கு அச்சில் பிழிந்து விட்டதுபோல மணல் ஒரு திரியாகக் கிடப்பது சில இடங்களில் கண்ணில் படும். விரல் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பக்கத்தில் எங்கேயோ ஒரு கடல் அட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் திரி அதன் கழிவு.

கடல் அட்டை என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கடத்தல் செய்திதான். மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது, படகு பறிமுதல் என்று அடிக்கடி படிக்கிறோம். அந்த விலையெல்லாம் அதன் தடித்த தோல் சதைக்கு. குடலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அட்டையைப் பதப்படுத்தும்போது முதலில் வெளியே போவது அதுதான். ஆனால் அந்தக் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது. அவற்றால் பண்ணைக்கும் தொழிலுக்கும் பயன் இருக்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: அந்தப் பயனை எடுக்க அட்டையைக் கொல்ல வேண்டியதில்லை. எப்படி என்பதை அடியிலிருந்து சொல்கிறேன்.

பெயரில் அட்டை இருக்கிறதே தவிர, இரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது நட்சத்திர மீன், கடல் முள்ளெலி எல்லாம் சேர்ந்த முட்தோலிகள் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகக் கடல்களில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் கரைகளில் அதிக மதிப்புள்ளது வெள்ளை அட்டை. ஜாதி அட்டை என்றும் சொல்வார்கள். ராஜா அட்டை, நூல் அட்டை, குச்சி அட்டை என்று மற்றவற்றுக்கும் பெயர்கள் இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் கடலில் இறங்கிக் கையால் எடுத்துப் பார்த்தவர்கள் என்பது அந்தப் பெயர்களிலேயே தெரிகிறது.

இந்த விலங்குக்குப் பல் கிடையாது. வெள்ளை அட்டையின் வாயைச் சுற்றி 20 குட்டைக் கைகள் இருக்கும். அவற்றால் தரையைத் துழாவி, ஒட்டும் மணலை வாய்க்குள் தள்ளும். கைகள் மாறி மாறி வாய்க்குப் போய் வருவதைப் பார்த்தால், பசியோடு உட்கார்ந்த குழந்தை விரலை நக்கிச் சாப்பிடுவதுபோல இருக்கும். உள்ளே போகும் மணல், உடல் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமுள்ள, மடங்கிக் கிடக்கும் குடல் வழியாக மெதுவாக நகர்ந்து பின்பக்கம் வெளியேறும்.

எவ்வளவு மணல்? ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளத்திட்டில் குச்சி அட்டையைக் கணக்கெடுத்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு அட்டை நாளொன்றுக்கு சராசரியாக 38 கிராம் மணலைக் கழிவாக விடுகிறது. ஆண்டுக்கு 14 கிலோ. அந்தத் திட்டில் உள்ள அட்டைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 64,000 டன் மணலைக் குடல் வழியாகக் கடத்துகின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. ஒரு திட்டில் மட்டும் இவ்வளவு.

சரி, மணலில் சாப்பிட என்ன இருக்கிறது? குளத்துப் படியில் கால் வைத்தால் வழுக்குமே, அந்த வழுவழுப்புதான். கடலடி மணலின் ஒவ்வொரு பருக்கையின் மேலும் அப்படி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதில் பாக்டீரியாக்கள், நுண்பாசிகள், அழுகிய கடற்புல் துணுக்குகள், அவை சுரந்த பசை எல்லாம் கலந்திருக்கும். கடல் அட்டை தின்பது அந்தப் படலத்தை. பருக்கை வெறும் தட்டு மாதிரி. படலத்தை வழித்துக்கொண்டு தட்டைத் திருப்பி வைத்துவிடுகிறது.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் வருகிறது. குடலைத் திறந்து பார்த்து, “இதில் இத்தனை வகை பாக்டீரியா இருக்கிறது” என்று பட்டியல் போட்டால் மட்டும் போதாது. அவற்றில் பாதிக்கு மேல் சாப்பாடாக உள்ளே வந்தவையாக இருக்கலாம். பேருந்து நிலையத்தில் நிற்கும் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை அல்லவா? மணலோடு வந்து செரிமானமாகிறவை ஒரு கூட்டம். மணலோடு வந்து, எதுவும் ஆகாமல் மறுபக்கம் போய்விடுகிறவை இன்னொரு கூட்டம். குடல் சுவரில் ஒட்டி, அங்கேயே பெருகி, தங்கியிருக்கிறவை மூன்றாவது கூட்டம். அட்டைக்கு உதவி செய்கிற வாய்ப்பு அதிகம் உள்ளது இந்த மூன்றாவது கூட்டத்துக்குத்தான். ஆராய்ச்சியில் பாதி வேலை இவர்களைத் தனியாகப் பிரித்து அடையாளம் காண்பது.

பிரிப்பதற்குச் சில எளிய வழிகள் இருக்கின்றன. வெளியே உள்ள மணல், முன்குடலில் உள்ள மணல், பின்குடலில் உள்ள மணல் மூன்றையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுவார்கள். வெளியே ஏராளமாக இருந்து பின்குடலில் காணாமல் போனது உணவாகியிருக்க வேண்டும். வெளியே அரிதாக இருந்து உள்ளே பெருகியிருப்பது குடியிருப்பவர். இன்னொரு வழி, அட்டையைச் சில நாள் வெறும் சுத்தமான கடல்நீரில் பட்டினி போடுவது. மணலெல்லாம் வெளியேறிய பிறகும் குடல் சுவரில் மிஞ்சுபவரைப் பார்ப்பது.

கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படி அடையாளம் காண்பது? எல்லா பாக்டீரியாவுக்குள்ளும் புரதம் தயாரிக்கும் பட்டறை ஒன்று உண்டு. ரைபோசோம் என்பார்கள். அதன் ஒரு பாகத்துக்கான மரபணுவுக்கு 16எஸ் என்று பெயர். அதை வண்டியின் நம்பர் பலகைபோல நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியிலும் பலகை உண்டு, எழுத்துகள்தான் வேறு. டி.என். 65 என்று பார்த்ததும் ராமநாதபுரம் வண்டி என்று சொல்லிவிடுகிறோம். அதேபோல ஒரு சிட்டிகை குடல் மண்ணில் உள்ள மொத்த 16எஸ் மரபணுக்களையும் வாசித்தால், எந்தக் குடும்பத்துக்காரர் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். இந்த முறையில் பல நாட்டுக் கடல் அட்டைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது புரோட்டியோபாக்டீரியா என்ற பெருங்குழு. நோய் தரும் சில விப்ரியோ வகைகளும் அதற்குள் அடக்கம். பாக்டீராய்டீட்ஸ், ஃபிர்மிக்யூட்ஸ் குழுக்களும் வரும். ஆனால் நம்பர் பலகை வண்டியின் ஊரைச் சொல்லுமே தவிர, ஓட்டுபவர் என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லாது. அதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

அதற்கு முன், இந்தக் குடலைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. பயந்தால், துன்புறுத்தினால், சில கடல் அட்டைகள் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிடும். எதிரி அதைத் தின்றுகொண்டிருக்கும்போது அட்டை நகர்ந்துவிடும். பிறகு சில வாரங்களில் புதுக் குடல் முளைக்கும். புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் ஹோசே கார்சியா அராராஸ் என்பவரின் குழு இதைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறது. பாக்டீரியா ஆராய்ச்சியாளர்களுக்கு இது அரிய வாய்ப்பு. ஒரு ஊரையே காலி செய்துவிட்டு, முதலில் யார் வந்து குடியேறுகிறார்கள், அடுத்து யார் என்று நாள் வாரியாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஓர் இனத்தில் 2020-ல் இப்படிப் பார்த்தார்கள். புதுக் குடலில் கண்டவர்கள் எல்லாம் குடியேறிவிடுவதில்லை. யார் தங்கலாம் என்று குடலே தேர்ந்தெடுப்பதுபோன்ற ஓர் ஒழுங்கு தெரிந்தது. மண்ணில் இருப்பது எல்லாம் உள்ளே வரும், ஆனால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்காது.

தங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஜப்பானில் நடந்தது. அங்கே வளர்க்கும் இனத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நாளில் பிறந்த குஞ்சுகள், ஒரே தொட்டி, ஒரே தீனி. ஆனாலும் சில பெரிதாகிவிடும், சில அப்படியே சிறுத்துக் கிடக்கும். பண்ணைக்காரருக்கு அது நேரடி நஷ்டம். ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு ஒவ்வொரு அட்டையின் கழிவையும் தனித்தனியே சேகரித்து, அதிலிருந்த மரபணுக்களை வாசித்தது. 2016-ல் முடிவு வந்தது. பெரிதாக வளர்ந்தவற்றில் ரோடோபாக்டெரேல்ஸ் என்ற பாக்டீரியா வகை அதிகமாக இருந்தது. அந்த வகை பாக்டீரியாக்கள் பி.எச்.பி. என்ற பொருளைத் தங்கள் உடலுக்குள் சேமித்து வைப்பவை. நாம் கொழுப்பைச் சேமிப்பதுபோல அவை அதைச் சேமிக்கின்றன. அது குடலில் உடையும்போது சிறு அமிலங்களாக மாறும். விலங்கின் குடலுக்கு அது நல்ல எரிபொருள் என்று இறால், மீன் ஆய்வுகளில் முன்பே பார்த்திருக்கிறார்கள். உப்பிறால் குஞ்சுகளுக்குப் பி.எச்.பி. கொடுத்தபோது விப்ரியோ தாக்குதலைத் தாங்கின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய அட்டையில் இந்த பாக்டீரியா அதிகம் என்பதால், பாக்டீரியாதான் அதைப் பெரிதாக்கியது என்று உடனே சொல்லிவிட முடியாது. பெரிய அட்டை அதிகம் தின்பதால் அந்த பாக்டீரியா பெருகியிருக்கலாம். இதைத் தீர்க்க ஒரே வழி, அந்த பாக்டீரியாவைத் தனியாக வளர்த்து, தீனியில் கலந்து, ஒரு தொட்டிக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் பார்ப்பதுதான். நான் மேலே சொன்னதில் மிக முக்கியமானது அந்த ஒரு சொல்: கழிவு. அந்த ஜப்பான் ஆய்வில் குடல் பாக்டீரியா பற்றிய அத்தனை தகவலும் அட்டை விட்ட திரியிலிருந்து வந்தது. ஒரு அட்டையைக்கூட அறுக்கவில்லை.

இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். குடல் மண்ணைக் கடல்நீரில் கலக்கி, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று நீர்க்க வைப்பார்கள். பிறகு ஒரு சொட்டை எடுத்து அகர் தட்டில் தடவுவார்கள். அகர் என்பது பாசியிலிருந்து எடுக்கும் கூழ்தான். நம் ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்கான மூலப்பொருள்களில் ஒன்று. இரண்டு மூன்று நாளில் தட்டில் மொட்டு மொட்டாகக் கூட்டங்கள் முளைக்கும். ஒவ்வொரு மொட்டும் ஒரு பாக்டீரியாவின் வாரிசுகள். இயற்கையில் உள்ளவற்றில் மிகச் சிறிய பங்குதான் இப்படித் தட்டில் வளரச் சம்மதிக்கும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தொழில் சோதனை. தட்டில் ஆடை நீக்கிய பாலைக் கலந்துவிட்டால் தட்டு முழுவதும் வெள்ளையாக இருக்கும். புரதத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கும் மொட்டைச் சுற்றி மட்டும் வெண்மை கரைந்து கண்ணாடிபோல ஒரு வட்டம் விழும். மாவுச்சத்தைக் கலந்து அயோடின் ஊற்றினால் தட்டு நீலக் கறுப்பாகும்; மாவை உடைக்கிறவரைச் சுற்றி மட்டும் நிறம் ஏறாது. எனக்கு இவற்றில் மிக அழகாகத் தோன்றுவது அகரையே தின்னும் பாக்டீரியா. அது வளரும் இடத்தில் தட்டில் குழி விழும். மாவு மேட்டில் விரலால் அழுத்தியதுபோல, மொட்டு தானே தோண்டிய பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தன்னைத் தாங்கும் தரையையே கரைக்கிறது. பாசித் துணுக்குகளைத் தின்று வாழும் ஒரு விலங்கின் குடலில் இப்படி ஒருவர் இருப்பது நியாயம்தான்.

இங்கே நொதி என்பது பெரிய மூலக்கூறைச் சிறியதாக வெட்டும் கத்திரிக்கோல். சலவைப் பொடியில் கறையை எடுப்பது, தோல் பதனிடுவதில் முடியைக் கழற்றுவது என்று ஏற்கெனவே தொழிலில் இருக்கிறது. கடல் குடல் பாக்டீரியாவின் நொதிகள் உப்பு நீரில் வேலை செய்து பழகியவை. சாதாரண நொதிகள் உப்பில் தளர்ந்துவிடும் இடங்களில் இவை தாங்கலாம். பாசிகளை உடைக்கும் நொதிகளுக்கு இன்னும் தனி மதிப்பு. பழுப்புப் பாசியில் உள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை வெட்டிச் சிறு சர்க்கரைத் துண்டுகளாக்கினால், அவை பயிர் வளர்ச்சிக்கு உதவுமா, கால்நடைத் தீனியில் சேர்க்கலாமா என்று சோதித்து வருகிறார்கள். பாசியை எரிபொருளாக மாற்றுவதற்கும் முதல் படி இந்த வெட்டுதான்.

கடல் பாக்டீரியாவின் இந்தத் திறமை மனிதக் குடலுக்கே வந்து சேர்ந்த கதையும் உண்டு. ஜப்பானியர்கள் நோரி என்ற பாசியைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுபவர்கள். அந்தப் பாசியை உடைக்கும் கடல் பாக்டீரியாவின் மரபணு, ஜப்பானியர் சிலரின் குடல் பாக்டீரியாவுக்குள் தாவியிருப்பதை 2010-ல் கண்டுபிடித்தார்கள். அதே ஜப்பானில் கடல் அட்டையின் குடலையே உப்பில் ஊறவைத்து, கொனோவாட்டா என்ற பெயரில் விலையுயர்ந்த தொடுகறியாகச் சாப்பிடுகிறார்கள். நாம் எறிவதை அவர்கள் சிறு கிண்ணத்தில் பரிமாறுகிறார்கள்.

பயன்களில் கைக்கு மிக அருகில் இருப்பது பண்ணை. சீனாவில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் கடல் அட்டை வளர்க்கிறார்கள். அங்கே தோல் புண் நோய் வந்தால் தோல் அழுகி, தொட்டி தொட்டியாகச் செத்துப்போகும். விப்ரியோ ஸ்பிளெண்டிடஸ் என்ற பாக்டீரியா அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆன்டிபயாடிக் போட்டால் தற்காலிகத் தீர்வு. ஆனால் மருந்து எச்சம் சதையில் தங்கும், மருந்துக்கு அசராத கிருமிகளும் உருவாகும். அதனால் ஆரோக்கியமான அட்டையின் குடலிலிருந்தே பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களை எடுத்து, வளர்த்து, தீனியில் கலந்து பார்த்தார்கள். சோதனைத் தொட்டிகளில் வளர்ச்சியும் கூடியது, விப்ரியோவை எதிர்க்கும் பலமும் கூடியது. பேசில்லஸை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு: அது தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை போட்டு வித்துபோல உறங்கக் கூடியது. தீனியில் கலந்து காயவைத்தாலும் சாகாது.

நம் நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் வனாமி இறால் வளர்ப்பவர்களுக்கு விப்ரியோ என்ற பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்மை செய்யும் பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாடிக் பாக்கெட்டும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் எந்த பாக்டீரியா, எந்தக் கடலின் எந்த விலங்கிலிருந்து வந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பாக்கெட்டில் தெளிவாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வேறு சூழலில் பிறந்த பாக்டீரியா நம் உப்புக் குளத்தில் தாக்குப்பிடிக்காமல் போகலாம். நம் கடலின் அட்டைக் குடலில், நம் வெயிலுக்கும் நம் உப்புக்கும் பழகி வாழ்ந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் மதிப்பு அதுதான்.

மேலே சொன்ன பி.எச்.பி.க்கு இன்னொரு முகம் இருக்கிறது. அது ஒரு வகைப் பிளாஸ்டிக். பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து உருக்கி வார்க்கலாம். மண்ணிலும் கடலிலும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடிக்கும். விலைதான் இன்னும் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு போட்டி போட முடியாமல் இருக்கிறது.

மருந்தைப் பற்றி மட்டும் நான் நிதானமாகவே சொல்வேன். குடல் பாக்டீரியாவின் சாறு ஒரு நோய்க்கிருமியை அகர் தட்டில் வளரவிடாமல் தடுத்து வட்டம் போட்டது என்ற செய்தி அடிக்கடி வரும். அது உண்மையான, நல்ல தொடக்கம். ஆனால் தட்டில் கிருமியைக் கொல்வது நம் உடம்பில் நம்மையும் சேர்த்துப் பாதிக்கலாம். கடலடி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து சாலினோஸ்போரமைடு என்ற பொருளை 2003-ல் அறிவித்தார்கள். புற்றுநோய்க்கு எதிரான அதன் வீரியம் எல்லோரையும் வியக்கவைத்தது. மூளைப் புற்றுநோயில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போயும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. “கடல் அட்டைக் குடலில் புற்றுநோய் மருந்து” என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால், இந்த இருபது வருடப் பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பயனுக்கும் அட்டை கடலில் உயிரோடு இருக்க வேண்டும். அதன் வேலை அங்கே முடியவில்லை. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பவளம் வளரும் சில இடங்களில் அட்டைகளை அகற்றினார்கள், சில இடங்களில் விட்டுவைத்தார்கள். அகற்றிய இடத்தில் பவளம் அடியிலிருந்து அதிகமாக நோயுற்றுச் செத்தது. 2024-ல் வெளியான இந்த ஆய்வு சொல்லும் காரணம், மணலில் பெருகும் நுண்ணுயிர்களை அட்டை தின்று குறைத்துவிடுகிறது என்பது. கூட்டிப் பெருக்க ஆள் இல்லாத தெருவில் நோய் பரவுவதுபோலத்தான்.

இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டை பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதன் குஞ்சு பொரிப்பு நமக்குத் தெரியாத வித்தை அல்ல. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1988-லேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டினார்கள். குடல் பாக்டீரியா ஆய்வுக்கும் உரிய அனுமதி வேண்டும். ஆனால் ஒருமுறை அனுமதியோடு எடுத்த மாதிரியிலிருந்து ஒரு நல்ல பாக்டீரியா கிடைத்துவிட்டால் போதும். கிளிசரின் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். சண்டிகரில் இதற்கென்றே தேசியச் சேமிப்பகம் இருக்கிறது. வேண்டும்போது ஒரு துளி எடுத்து லிட்டர் கணக்கில் வளர்த்துக்கொள்ளலாம், அடுத்த அட்டையைத் தேடிக் கடலில் இறங்கத் தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனம் இதைக் கேட்டு வந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்; நுண்ணுயிரும் நம் வளம்தான் என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் அனுமதி பெற்ற கடல் அட்டைப் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே அட்டையைப் பதப்படுத்தும் முறையே பாக்டீரியாவை நம்பியதுதான். வெள்ளை அட்டையைப் பதப்படுத்தும் பழைய முறையில், அவித்ததை ஓர் இரவு மணலில் புதைத்து வைப்பார்கள். காலையில் தோண்டி எடுத்தால் தோலின் மேலிருக்கும் சுண்ணாம்புப் படலம் இளகி, தேய்த்தால் கழன்று வரும். இளக வைப்பது மணலின் பாக்டீரியா. பெயர் தெரியாமலே தலைமுறைகளாக நம் ஆட்கள் அதனிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். அதே கொட்டகையில் புதைப்பதற்கு முன் வழித்தெடுத்த குடல் வாளியில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஐஸ் பெட்டியோடு அந்தக் கொட்டகைக்குப் போய், ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், யாரும் மறுக்கப் போவதில்லை.